மோந்த தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பாட்டிலில் இருந்து வந்தது. உவமையாகச் சொல்லவில்லை. நிஜப் பாட்டில், கால் லிட்டர் பிடிக்கும் கண்ணாடிப் பாட்டில், வாயில் ரப்பர் மூடி. திருத்தாத விடைத்தாள் கட்டுக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில், இந்தக் காகிதத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. உள்ளே இருப்பது ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். போன சனிக்கிழமை அந்த வீட்டு அம்மாள் என் கையில் கொடுத்தார். இதில் பெட்ரோல் வாசனை இருக்கிறதா இல்லையா என்று நாளைக் காலை நான் சொல்ல வேண்டும்.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் அரை நிமிட வேலை. நான் ஆறு நாளாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஏழாவது பகுதியில் சொல்கிறேன். அதற்குள் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் பிரியம் வந்திருந்தால் நல்லது. அதற்குப் பிறகு வருவது கஷ்டம்.

என் பெயர் அற்புதசாமி. திருச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். குடியிருப்பது பாலக்கரை. பெயருக்கேற்ற அற்புதம் எதையும் இதுவரை செய்ததில்லை.

2

எழுதி விட்டுவிட்ட தொடக்கங்கள்:

"காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பள்ளிகொண்டிருக்கும் அந்தப் புண்ணியத் தீவில்…" (சுற்றுலாத் துறைக்காரர்கள் எழுதட்டும்.)

"1975ஆம் ஆண்டு கோடையில் மேற்படி பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் ஏற்பட்ட ஓட்டையின் காரணமாக…" (இது மனு. இந்த வாக்கியத்தோடு நிஜமாகவே நான்கு மனுக்கள் போயின. பதில் வரவில்லை.)

"எனக்கு ஒரு கனவு வரும்." (இது பரவாயில்லை. ஆனால் கனவில் தொடங்கும் கதையை நானே பாதியில் மூடி வைத்துவிடுவேன். அதனால் தொடக்கத்தில் வைக்காமல் இங்கே வைக்கிறேன்.)

எனக்கு ஒரு கனவு வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறிக்குக் கீழே, பாதித் தூக்கத்தில். ஸ்ரீரங்கத்துக்கு அடியில் இன்னொரு ஸ்ரீரங்கம் இருக்கிறது. அங்கே தெருக்கள் எல்லாம் ஈர மணல். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு அல்லவா, அதனால் நிலத்தடித் தண்ணீரின் தலைமேல் பாலாடை போல மிதந்துகொண்டு அது மெல்லப் போகிறது. யாரும் பார்க்காத இருட்டில் வானவில்லின் ஏழு நிறமும் அதன்மேல் அசைகின்றன. தென்னை வேர்களைத் தொடுகிறது. கிணற்று உறைகளைத் தொட்டு, யார் வீடு என்று விசாரிக்கிறது. பிறகு கிழக்கே நகர்கிறது, நாளைக்கு ஒரு விரல், இரண்டு விரல். நான் அதன் பின்னாலேயே செருப்பில்லாமல் நடக்கிறேன். எங்கே போகிறாய் என்று கேட்டால் அது பதில் சொல்வதற்குள் காப்பி வந்துவிடும்.

3

நடந்தது இதுதான். அம்மாமண்டபம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் (தெருவை மாற்றிவிட்டேன், தேட வேண்டாம்) ரங்கநாயகி அம்மாள் வீடு. அவர் கணவர் வரதாச்சாரி எங்கள் கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். இந்தக் கதையில் அவர் அதிகம் பேசமாட்டார். வாழ்க்கையிலும் அப்படித்தான்.

வீட்டின் கொல்லையில் ஒரு கிணறு. தெருமுனையில் ஒரு பெட்ரோல் பங்க். எழுபத்தைந்து சித்திரையில் ஒரு காலை ரங்கநாயகி அம்மாள் கிணற்றடிக்குப் போனபோது லாரி ஷெட்டுக்குள் நுழைந்த மாதிரி வாசனை அடித்தது. பங்க் முதலாளி முதலில் சத்தியம் செய்தார், பிறகு சண்டை போட்டார், அடுத்த வருஷம் பொங்கலுக்கு முன் தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டு, பங்க்கையும் மூடிவிட்டுப் போய்விட்டார். தொட்டியில் ஓட்டை இருந்த இடத்தில் கைக்குட்டையை நுழைத்து எடுக்கலாம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒழுகியது எத்தனை லிட்டர் என்று யாருக்கும் தெரியாது. அது மண்ணுக்குள் இருந்தது.

தெருவில் மற்றவர்கள் குழாய்த் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். ரங்கநாயகி அம்மாளால் முடியவில்லை. அவர் வீட்டுப் பூஜையில் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. ஏழு தலைமுறையாக அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் அதற்குத் திருமஞ்சனம், அந்தத் தண்ணீரில்தான் தளிகை, அதாவது சமையல். பெருமாளுக்குக் காட்டிய தளிகையைத்தான் அவர் சாப்பிடுவார். குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது, தோல் பட்ட தண்ணீர் பெருமாளுக்கு ஆகாது. எனவே அன்றிலிருந்து தினமும் இரண்டு குடம், காவிரியிலிருந்து. கோடையில் ஆறு வற்றினால் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் அள்ளி. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. இப்போது ஐம்பத்தொன்று.

போன ஐப்பசியில் படித்துறையில் வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் அதற்குப் பிறகு சொன்னபடி கேட்கவில்லை. லால்குடியில் இருக்கும் மச்சினர் ஒரு வழி சொன்னார். "மன்னி, உங்களாலே இனிமே முடியாது. பெருமாளை எங்காத்துல ஏளப்பண்ணிடலாம். எங்க கிணறு நன்னா இருக்கு." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

ஆக விஷயம் இவ்வளவுதான். கிணறு சுத்தமாகிவிட்டதென்றால் பெருமாள் ஸ்ரீரங்கத்தில் இருப்பார். இல்லையென்றால் லால்குடி பஸ் ஏறுவார். சுத்தமாகாத கிணற்றைச் சுத்தம் என்று நம்பிவிட்டால், அந்த வீட்டில் இருவரும் தினமும் மூன்று வேளை பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவார்கள்.

4

ஸ்தனிஸ்லாஸ் எங்கள் கல்லூரி ரசாயனக் கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். பாலக்கரையில் என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. எங்கள் ஆட்கள் அவரைத் தனிஸ் என்றும் தனிசு என்றும் கூப்பிடுவோம். அவர் பெயரை முழுதாக, தொடக்கத்து ஒற்றெழுத்தைச் சிந்தாமல் சொல்வது ஊரிலேயே ரங்கநாயகி அம்மாள் ஒருவர்தான். ஸ்தலம், ஸ்தோத்ரம் என்று பழகிய நாக்கு. ஒரு புனிதரின் பெயர் தன் முழு அழகோடு ஒலிக்க அது அய்யங்கார் வீட்டுக் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது.

வரதாச்சாரி ஒருநாள் அலுவலகத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஸ்தனிஸ்லாஸ் அந்தச் சனிக்கிழமையே சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனார். அவரிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. இருந்தது ஒரு முறை. கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு எடுத்து, கரியில் வடிகட்டிய வாசனையில்லாத தண்ணீரைக் கலந்துகொண்டே போக வேண்டும். எத்தனை மடங்கானதும் பெட்ரோல் வாசனை மறைகிறதோ அதுதான் அன்றைய எண். முதல் சனிக்கிழமை, 1976 ஜனவரியில், எண் இருநூற்று ஐம்பத்தாறு. வாசனையே இல்லை என்றால் பூஜ்யம். நான்கு சனிக்கிழமை தொடர்ந்து பூஜ்யம் வந்தால் கிணற்றைத் திறக்கலாம் என்பது அவர் வைத்த விதி.

"நாம என்ன மருந்து போடுறது?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"மருந்தெல்லாம் கிடையாது அற்புதம். கொஞ்சம் ஆவியாப் போகும். கொஞ்சத்த மண்ணுல இருக்கிற கிருமி தின்னும். மிச்சத்த ஆறு அடிச்சிக்கிட்டுப் போயிடும். நாம பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

எட்டு வருஷம் பார்த்தார். துவைக்கிற கல்லின்மேல் ஆறு கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொன்றாக முகத்துக்குக் கொண்டுவருவார். ரங்கநாயகி அம்மாள் காப்பி கொண்டுவந்தால், "இப்ப வேணாம்மா, மூக்கு கெட்டுடும்" என்பார். அது கெட்டுவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். [இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.]

5

கிணற்றுக்கென்று ஸ்தனிஸ்லாஸ் போட்ட நோட்டில் இரண்டு பத்தி. வலது பத்தியில் சனிக்கிழமைதோறும் ஸ்தனிஸ்லாஸ் எழுதும் எண். இடது பத்தி ரங்கநாயகி அம்மாளுக்கு. முதல் நாளே ஸ்தனிஸ்லாஸ் அவரிடம் சொல்லியிருந்தார்: "தினமும் காலைல தண்ணிய மோந்துட்டு, வாசனை இருக்கு, இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதி வைங்கம்மா."

இரண்டு வருஷம் இடது பத்தி "மோந்தாச்சு, இருக்கு" என்றே ஓடியது. எழுபத்தேழு நவம்பரில் திருச்சியே வெள்ளத்தில் நின்றதே, அதற்குப் பிறகு ஒருநாள் "மோந்தாச்சு, இல்லை" என்று மாறியது. தினமும் இல்லை, இல்லை, இல்லை. வலது பத்தியிலோ அறுபத்து நான்கு. ஸ்தனிஸ்லாஸ் குழம்பிப்போனார். அன்று அவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

"அம்மா, நீங்க மோந்துட்டுத்தானே எழுதுறீங்க?"

"மோக்காம எழுதுவேனா? ஸ்நானம் பண்ணினதும் முதல் காரியம் அதானே. ஒரு தவலை மோந்து வச்சுட்டுத்தான் பேனாவையே தொடறேன்."

"தவலை நிறைய எதுக்கும்மா? ஒரு டம்ளர் மோந்தா போதுமே."

"டம்ளரை விட்டுக் கிணத்துல எப்படி சார் மோக்கறது?"

கொல்லைக் கதவருகே நின்றிருந்த வரதாச்சாரிதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தண்ணீரை முகந்து எடுப்பதும் மோப்பதுதான், மூக்கால் முகர்ந்து பார்ப்பதும் மோப்பதுதான். எழுத்தில் ஓர் 'ர்' நடுவில் நின்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. பேச்சில் அதுவும் போய்விட்டது. அந்த அம்மாள் இரண்டு வருஷமாகத் தினமும் தண்ணீர் மொண்டு வைத்தாரே தவிர, ஒரு நாளும் அதை மூக்கருகே கொண்டுபோகவில்லை. தமிழ் வாத்தியார் நான் பக்கத்திலேயே இருந்தும் கவனிக்கவில்லை.

"இப்பவாவது கொஞ்சம் மோந்து… மூக்கால மோந்து பாருங்களேம்மா" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"அது கூடாது சார். பெருமாளுக்குன்னு இருக்கற பூவை நாம மோந்துட்டா அது அவருக்கு ஆகுமோ? தீர்த்தமும் அப்படித்தான்."

"அப்ப வாசனை இருக்குன்னு ரெண்டு வருஷமா எழுதினீங்களே?"

"அது தானா வந்தது. தானா வர்ற வாசனைக்கு நாம பொறுப்பில்லே. தேடிண்டு போய் மோந்தாத்தான் தோஷம்."

"தனியா ஒரு வாளில எடுத்து?"

"வாளி வேறயானாலும் கிணறு ஒண்ணுதானே."

நான் குறுக்கே புகுந்தேன். "அப்ப தனிஸ் மோந்து பார்க்கிறது மட்டும் எப்படிங்கம்மா?"*

அன்றோடு இடது பத்தி நின்றது. வாசனை தானாக வரும் அளவுக்குக் கீழே போய்விட்டது. இனிமேல் அதைத் தேடிப் போகத்தான் வேண்டும். தேடிப் போக அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு மூக்கு.

(* பதில்: "அவர் தனக்காகவா மோக்கறார்? அது கைங்கர்யம் சார்." இதை ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்குப் போய்த் தன் மனைவி சகாயம்மாளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கைங்கர்யம் என்றால் என்ன என்று மறுநாள் பூசை முடிந்து வரும்போது சகாயம்மாள் என்னிடம் கேட்டார்.)

6

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டுகள் ஆறு, ஒன்றாகத் தைத்தது. மதியங்களில் அதைக் கதைப் புத்தகம் போலப் படிக்கிறேன்.

எண்கள் இறங்குகின்றன. ஆனால் படி இறங்குவதுபோல அல்ல. ஒவ்வொரு வருஷமும் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து, ஆடியில் கரை தொட்டு ஓடும்போது, தீவுக்கு அடியில் இருக்கும் தண்ணீரும் கூடவே எழும்பும். மண்ணில் ஒட்டிக்கொண்டு உறங்கிய பெட்ரோலை அது எழுப்பிவிடும். எண் ஏறும். எழுபத்தாறு ஆடியில் ஏறியது, எழுபத்தேழிலும் ஏறியது. எழுபத்தெட்டு ஆடியில் அறுபத்து நான்கிலிருந்து மறுபடி நூற்று இருபத்தெட்டு. பெண்கள் படித்துறையில் கருகமணியும் காதோலையும் வைத்து ஆற்றுக்கு மசக்கை என்று சித்திரான்னம் படைக்கும் அதே வாரத்தில், ரங்கநாயகி அம்மாள் கொல்லையில் நின்று, "திரும்ப வந்துடுத்தா சார்?" என்று கேட்பார். "வந்துட்டுப் போயிடும்மா" என்பார் அவர். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, எண் மெல்ல அடங்கும். எனக்கு அந்தப் பக்கங்களைப் படித்தால் தூக்கத்தில் ஆறு மூச்சு விடுவது கேட்கும்.

எழுபத்தொன்பது கடைசியில் முப்பத்திரண்டு. எண்பதில் பதினாறு. எண்பத்தொன்றில் எட்டு. எண்பத்திரண்டில் நான்கு. எண்பத்து மூன்றில் இரண்டு. இந்த வருஷம் பிப்ரவரியில் ஒன்று, மார்ச் முதல் சனிக்கிழமை பூஜ்யம்.

பாருங்கள், எவ்வளவு அழகாக இறங்குகிறது. எண்பது ஆடியில் ஏறவில்லை. எண்பத்தொன்று ஆடியிலும் ஏறவில்லை. இரண்டு வருஷமும் ஆறு கரை புரண்டு ஓடியது, நானே பாலத்தில் நின்று பார்த்தேன்.

எனக்கு ரசாயனம் தெரியாது. கதை தெரியும். இவ்வளவு அழகாக ஒன்று இறங்கினால், எழுதியவன் கை அதில் இருக்கிறது என்று தெரியும்.

7

[இந்தப் பகுதியை மூன்று முறை கிழித்தேன். முதல் முறை ஸ்தனிஸ்லாசுக்குச் சொந்தமாக ஒரு மூக்கு வியாதி கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.]

நான் மூக்குப்பொடி போடுகிறவன். இருபது வருஷப் பழக்கம். மேல்சட்டைப் பையில் பொடி மட்டை இல்லாமல் வகுப்புக்குப் போனதில்லை.

எழுபத்தொன்பது செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஸ்தனிஸ்லாஸ் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கண்ணெல்லாம் சிவந்து, நல்ல ஜலதோஷம்.

"அற்புதம், மூக்கு அடைச்சிருக்கு. இன்னைக்கு எப்படிப் போறது? அந்தம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இதுக்கா கவலை? இந்தா, ஒரு சிட்டிகை இழு. மூக்கு மணிக்கதவு மாதிரி திறந்துக்கும்."

நான்தான் மட்டையைப் பிரித்து நீட்டினேன். பதினோரு தும்மல் போட்டார். எண்ணினேன், சிரித்துக்கொண்டே எண்ணினேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காற்றை இழுத்துப் பார்த்தார். "அட, ஆமா! உங்க வீட்டு ரசத்துல பூண்டு தூக்கல்னு தெரியுதே" என்றார். அன்று அவர் எடுத்த எண் சரியான எண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பாலம் ஏறுவதற்கு முன் ஒரு சிட்டிகை போட ஆரம்பித்தார். மூக்குக் கூர்மையாக இருக்கட்டும் என்று. காப்பி மூக்கைக் கெடுத்துவிடும் என்று ஒதுக்கியவர், அந்த அம்மாளின் கிணற்றுக்காகவே, என்மேல் இருந்த நம்பிக்கையில், பொடி பழகினார். சனிக்கிழமை வெள்ளி ஆயிற்று, வியாழன் ஆயிற்று. இரண்டு வருஷத்தில் என்னைவிட அதிகம் போட்டார்.

எண்பதுக்குப் பிறகு நோட்டில் இறங்குவது பெட்ரோலா, அவர் மூக்கா? எந்தப் பக்கம் வரைக்கும் கிணறு, எந்தப் பக்கத்திலிருந்து பொடி? தெரியாது. இரண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கலாம்.

(வாசகர்: கிணறும் நிஜமாகவே சுத்தமாகிக்கொண்டுதானே வந்திருக்கும்? இத்தனை வருஷம் ஆகிவிட்டதே. நான்: இருக்கலாம். எண்பத்திரண்டிலும் மூன்றிலும் ஆற்றில் சரியாகத் தண்ணீரே வரவில்லை, அதனாலும் ஏறாமல் இருந்திருக்கலாம். இதையெல்லாம் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

என் மூக்கும் செத்து ரொம்ப நாளாயிற்று. பாட்டிலை நான் ஏன் திறக்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். திறந்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. இதை ஸ்ரீரங்கத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

8

போன வெள்ளிக்கிழமை, தவக்காலத்து வெள்ளி. கறி இல்லை. சகாயம்மாள் அடுப்பில் கருவாட்டை வைத்துவிட்டுச் சிலுவைப்பாதைக்குப் பூ வாங்கப் போய்விட்டார். கருவாடு கருகி, புகை தெருவுக்கு வந்து, நான்கு வீடு தள்ளி என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஸ்தனிஸ்லாஸ் அடுப்படிக்கு முதுகைக் காட்டியபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சகாயம்மாள் திரும்பி வந்து சட்டியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "என்னங்க, தெருவே நாறுது, உங்களுக்குத் தெரியலையா?" என்றார். ஸ்தனிஸ்லாஸ் எழுந்துபோய்ச் சட்டிக்குள் முகத்தை வைத்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று என் மனைவி சொன்னாள்.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். சைக்கிள் எடுக்கவில்லை, பஸ்ஸில் போனோம்.  கொல்லையில் ரங்கநாயகி அம்மாள் துவைக்கிற கல்லைக் கழுவி, குவளைகளுக்கு இடம் செய்து வைத்திருந்தார்.

"வாங்கோ, ஸ்தனிஸ்லாஸ் சார். இன்னிக்கும் பூஜ்யம்தான் வரப் போறது. மனசு சொல்றது. மச்சினருக்கு வரவேண்டாம்னு கார்டு போட்டுடலாமான்னு இவர்கிட்டே கேட்டுண்டிருந்தேன்."

"கார்டு போடாதீங்கம்மா."

"ஏன் சார்?"

"எனக்கு மூக்கு போயிடுச்சும்மா. ஒண்ணுமே தெரியல. எப்பலேருந்துன்னும் தெரியல." நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "இதுல எது உண்மை, எது என் மூக்குன்னு எனக்கே தெரியலம்மா. மன்னிச்சிக்கங்க."

அந்த அம்மாள் நோட்டை வாங்கவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "எதனாலே போச்சு?" என்று கேட்டார்.

"பொடிம்மா."

"அந்தக் கண்றாவியை யார் பழக்கினா உங்களுக்கு?"

நான் அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். சட்டைப் பையில் மட்டை இருந்தது.

"யாரும் பழக்கலம்மா. நானே பழகிக்கிட்டேன்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இந்தக் கதையில் மாற்றி எழுதிவிடலாம் என்று இருந்த ஒரே இடம் இதுதான், அதனாலேயே மாற்றவில்லை.

ரங்கநாயகி அம்மாள் கிணற்றடிக்குப் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ராட்டினத்துக் கயிற்றை இழுத்தார். வாளியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டார். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு பூஜை அறை இருக்கும் திசையைப் பார்த்து, உதட்டுக்குள் ஏதோ சொன்னார். க்ஷமிக்கணும் என்ற ஒரு சொல்தான் எனக்குக் கேட்டது. பிறகு அதை முகத்துக்கு நேராகத் தூக்கி, ஐம்பத்தொரு வயதில், முதன்முதலாக, தன் கிணற்றுத் தண்ணீரை மோந்தார். கண் மூடியிருந்தது. அணில் ஒன்று சுவரில் ஓடி நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. என் கனவில் நடப்பதுபோல எல்லாம் மெல்ல நடந்தது.

"என்னம்மா, இருக்கா?" ஸ்தனிஸ்லாஸ் ஓரடி முன்னால் வந்தார்.

"என்னமோ ஒரு வாசனை இருக்கு சார். குளிர்ச்சியா, பாசி மாதிரி, இரும்பு மாதிரி…" கண்ணைத் திறந்தார். கண்ணில் தண்ணீர். "இது பெட்ரோலா, இல்லே எங்க கிணத்தோட வாசனையே இப்படித்தானா? நான் எப்படிச் சொல்லுவேன்? நல்லா இருந்தப்போ ஒருநாளும் மோந்து பார்த்ததில்லையே நான்."

 வரதாச்சாரி வந்து மனைவியின் கையிலிருந்து சொம்பை வாங்கிக் கல்லின்மேல் வைத்தார்.

ஸ்தனிஸ்லாஸ் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, வாளித் தண்ணீரை வழிய வழிய நிரப்பி, காற்றுப் புகாமல் மூடினார். அது அவருக்குக் கைப்பழக்கம். ரங்கநாயகி அம்மாள் அதை வாங்கி, அவர் கல்லின்மேல் வைத்துவிட்ட நோட்டோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார்.

"உங்க மூக்கு நல்ல மூக்குதானே சார்?"

"ஆமாங்கம்மா" என்றேன்.

9

முடிவுகள். இந்த வாரம் முழுக்க எழுதிப் பார்த்தவை.

(அ) தண்ணீர் சுத்தம். ஞாயிறு காலை மச்சினர் வெறுங்கையோடு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு லால்குடி திரும்புகிறார். இரண்டு பித்தளைக் குடங்களும் பரணில் ஏறுகின்றன. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. குற்றவாளி தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு என்பதால் கிழித்துவிட்டேன். காகிதத்தில் கிணற்றைச் சுத்தம் செய்ய எத்தனை வரி ஆகும்? இரண்டு.

(ஆ) வாசனை இருக்கிறது. பெருமாள் வெள்ளிச் சம்புடத்தில், பட்டுத் துணிக்குள், மச்சினரின் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் போகிறார். பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது ரங்கநாயகி அம்மாள் வாசலில்… (இதை முடிக்க முடியவில்லை. அவர் முகத்தைக் கதையில்கூட என்னால் பார்க்க முடியவில்லை.)

(இ) வாசனை இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அவர் சந்தோஷமாகத் தளிகை செய்கிறார். இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள். பிறகு ஒரு வருஷம், மூன்று வருஷம்… (பெட்ரோல் ரத்தத்தைக் கெடுக்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதாக ஸ்தனிஸ்லாஸ் ஒருமுறை சொன்னார். இந்த முடிவை நான் எழுதவே இல்லை, நினைத்தேன். நினைத்ததையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

(ஈ) ஸ்தனிஸ்லாஸ் பத்து வயது குறைந்து, மூக்கு திரும்பி வந்து, பாலத்தின்மேல் சைக்கிளில் போகிறார். காவிரி மேல் காற்று. மீன் வாசனை, ஈர மணல் வாசனை, அக்கரையில் யாரோ நெல் அவிக்கும் வாசனை, எல்லாம் தானாக வருகின்றன. இதில் முடிவு ஒன்றும் இல்லை. இருந்தும் நான்கு பக்கம் எழுதினேன்.

10

வெள்ளிக்கிழமை மாலை நான்கரை. அடுத்த வீட்டு ஹாஜிரா டீச்சர் நகராட்சிப் பள்ளியிலிருந்து வந்துவிட்டார். எங்கள் வீட்டில் பால் தீய்ந்தால் தன் வீட்டு அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பவர் அவர். ஆறு நாளும் அவர் மூக்கு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு பத்தடி நடக்க எனக்கு இத்தனை பக்கங்கள் ஆயின.

நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன்.

"என்ன சார், மருந்தா?"

"தண்ணி டீச்சர். ஸ்ரீரங்கத்துக் கிணத்துத் தண்ணி. கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க. மூக்கால."

"மூக்கால இல்லாம வேற எதால சார் மோப்பாங்க?" என்று சிரித்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கினார். முதலில் அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர், பிறகு பாட்டில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இரண்டும். ஸ்தனிஸ்லாஸ் செய்வதை எட்டு வருஷம் பார்த்தவன், ஒழுங்காகத்தான் செய்ய வைத்தேன். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லிப் பாட்டிலைக் கீழே வைத்தார். "உறுதியா சொல்றேன் சார்" என்று சொல்லி, சொன்னார்.

நான் நோட்டில் இன்றைய தேதியைப் போட்டேன், 30.3.84. வலது பத்தியில் அவர் சொன்னதை எழுதினேன். கீழே, மோந்தவர்: ஹாஜிரா டீச்சர் என்று எழுதினேன். அதற்கும் கீழே இன்னும் ஒரு வரி எழுதினேன்: ஸ்தனிஸ்லாசுக்குப் பொடி பழக்கியவன் அற்புதசாமி, அவன் மூக்கும் நல்ல மூக்கு இல்லை.

நாளைக் காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இதைக் கொண்டுபோய் ரங்கநாயகி அம்மாள் கையில் கொடுக்கப் போகிறேன். ஸ்தனிஸ்லாசையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், ஆனால் வருவார்.

டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்கள். இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் இது ரங்கநாயகி அம்மாளுக்கு என்று வைத்திருப்பது. அவருக்குக் கொடுக்கும் முன் நீங்கள் மோந்து பார்த்துவிட்டால் அது அவருக்கு ஆகாது. அந்த வீட்டில் எட்டு வருஷம் கற்றுக்கொண்ட ஒரே பாடத்தையாவது நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேனே.

தானாக ஏதாவது வாசனை உங்களுக்கு வந்திருந்தால், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நோட்டை மூடிவிட்டேன். பஸ் ஆறே காலுக்கு.